ஒரு தரம் சொன்னா மதி

எங்கள் அலுவலகத்தில் வந்தவர்களின் பெயரை எழுதும் வழக்கம் கிடையாது. வருகிறவர் தனக்குப் பிடித்த ஏதாவது ஒரு பெயரைச் சொல்வார்; அதைத்தான் தாளில் போடுவோம். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே மாமிதான் என்பதால் அவருடைய பெயரையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. மாமி என்றே இருக்கட்டும். திருவனந்தபுரத்து வலியசாலை அக்ரஹாரத்துக்காரர், தொழிலால் வக்கீல். அலுவலகத்தில் மற்றவர்களுக்கு மேடம், கீழே சாயாக்கடையில் வக்கீல். நான் சாலைக் கடைத்தெருவில் பலகாரம் போட்டுப் பிழைத்த ஒரு திருநெல்வேலிக்காரரின் மகள். எனக்கு அவர் முதல் நாளிலிருந்தே மாமி.

மாமி என்றதும் எனக்கு வியர்வைதான் நினைவுக்கு வரும். யாராவது பேச வந்து உட்கார்ந்துவிட்டால் அறையில் ஃபேன் சுற்றக்கூடாது. மேட மாதத்துச் சித்திரை வெயில், மொட்டைமாடியில் தகரம் போட்டு இறக்கிய அறை, ஜன்னலும் பாதி சாத்தியிருக்கும். பேசுகிறவர், மாமி, மெடிக்கல் காலேஜிலிருந்து வரும் ஒரு டாக்டரம்மா, மூலையில் கணினியோடு நான். நாலு பேரும் இட்லி மாதிரி வெந்துகொண்டிருப்போம். டாக்டரம்மா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பார். மாமி மட்டும் துடைத்துக்கொள்ள மாட்டார். மூக்குநுனியிலிருந்து சொட்டினாலும் எதிரே இருப்பவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்க மாட்டார்.

எங்களுக்கு என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். போரிலும் கலவரத்திலும் பெண்களுக்கு நடந்த கொடுமைகளுக்குச் சட்டம் என்ன செய்தது, அரசாங்கங்கள் என்ன செய்தன, செய்ததில் எது உருப்படி, எது கண்துடைப்பு என்று பார்த்து மதிப்பீடு எழுதுவது. வெளிநாட்டிலிருந்து பணம் வரும், இங்கிருந்து அறிக்கை போகும். அதற்காகப் பெண்களிடம் வாக்குமூலமும் வாங்குவோம். மூன்று பாஷை தெரியும் என்பதற்காக என்னைத் தட்டச்சுக்கும் மொழிபெயர்ப்புக்கும் சேர்த்தார்கள். இந்த வேலையைப் பற்றி அப்பாவிடம் முழுசாகச் சொன்னதில்லை. “வக்கீல் ஆபீஸ்ல டைப்பிங்” என்றதோடு அவர் திருப்தியாகிவிட்டார்.

ஃபேனின் கதையை மாமி என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். எதையுமே அவர் ஒரு தடவைதான் சொல்வார். வக்கீலான புதிதில், வேறொரு ஊரில் நடந்த கலவர வழக்கு ஒன்றில் ஜூனியராக நின்றிருக்கிறார். சாட்சி ஒரு காலேஜ் பெண். போலீஸில் சொல்லி, ஆஸ்பத்திரியில் சொல்லி, மாஜிஸ்திரேட்டிடம் சொல்லி, கமிஷனிடம் சொல்லிக் கடைசியாகக் கோர்ட்டில் சொல்ல வந்திருந்தாள். தலைக்கு மேலே பழைய ஃபேன் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் காதில் கையை வைத்துக்கொண்டு, “சத்தமா சொல்லும்மா” என்றாராம். அவள் திரும்பச் சொன்னாள். “இன்னும் கொஞ்சம் சத்தமா.” மறுபடியும் சொன்னாள். சபை நிறைய ஆட்கள். அடுத்த தடவை அவர் காதில் கை வைத்ததும் அவள் வாயை மூடிக்கொண்டாள். மாமி எழுந்து போய் ஸ்விட்ச்சைத் தட்டி ஃபேனை நிறுத்தினார். ஜட்ஜ் கோபித்துக்கொண்டார், சீனியர் வெளியே போகச் சொன்னார். அந்தப் பெண் அதற்குப் பிறகு வாய் திறக்கவேயில்லை. சாட்சி ஒத்துழைக்கவில்லை என்று வழக்கு போயிற்று.

“அவ அன்னிக்கு அந்த ஃபேன் சத்தத்துலதான் தோத்தா, கேட்டியா?” என்றார் மாமி. சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்.

அன்றிலிருந்து பிடித்துக்கொண்டதுதான் அந்த வார்த்தை. “ஒரு தரம் சொன்னா மதி.” மதி என்றால் இங்கே போதும் என்று அர்த்தம். அக்ரஹாரத்துக்காரர்கள் சாதம் போடும்போதுகூட “மதி, மதி” என்றுதான் இலையை மறைப்பார்கள். டாக்டரையும் வக்கீலையும் எழுதுகிறவரையும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் உட்கார வைத்தது அதற்காகத்தான். ஒரு பெண் ஒருமுறை சொல்லிவிட்டால் மற்றவர்கள் எல்லாரும் அந்தத் தாளைத்தான் படித்துக்கொள்ள வேண்டும், அவளிடம் போகக்கூடாது. கதவின் தாழ்ப்பாளையும் பேச வந்தவர்தான் போட வேண்டும், அவரேதான் திறக்க வேண்டும்.

எந்த நாட்டின் சட்டத்தை மதிப்பிட வந்தாலும் மாமி முதலில் கேட்பது ஒரே கேள்விதான். “இதுப்படி அந்தப் பொண்ணு எத்தனை பேர்கிட்ட சொல்லணும்?” இழப்பீடு எவ்வளவு, தண்டனை எத்தனை வருஷம் என்பதெல்லாம் அப்புறம். ஒரு அரசாங்கம் பளபளவென்று அச்சடித்து அனுப்பிய கொள்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “கோயில்ல பிரதட்சிணம் பண்ற மாதிரி சுத்த விட்டிருக்கா” என்று மேஜையில் போட்டார். இதையெல்லாம் சேர்த்து அவர் எழுதிய நெறிமுறை வெளியே போய்ப் பெயர் வாங்கியது. பல நாடுகளில் பயிற்சிப் புத்தகத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ‘ஒருமுறை மட்டும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒரு பிரதியை நான்தான் அலமாரியில் முன்னால் தெரிகிற மாதிரி வைத்தேன்.

வீட்டிலும் அதே குணம்தான். மாமி தன் தம்பி குடும்பத்தோடு இருந்தார். தம்பி மனைவி என்னைப் பார்க்கும்போதெல்லாம் முறையிடுவாள். “குழம்புல உப்பு சரியாருக்கான்னு கேட்டா ஒரு தடவை தலையாட்டுவா. நான் பாக்காம விட்டேனோ, போச்சு, மறுபடி பதில் வராது.” சொந்தக்காரர் ஒருவர் தன் மூட்டுவலியை வந்த தடவையெல்லாம் ஆதியிலிருந்து தொடங்குவார். மாமி கையை உயர்த்தி, “கேட்டாச்சு மாமா. போன தடவையே முழுக்கக் கேட்டாச்சு” என்பார். அவர் முகம் தொங்கிப்போய் காப்பி வராமலே கிளம்பிவிடுவார். நாங்கள் சிரிப்போம்.

எல்லா நேரமும் சிரிக்க முடியவில்லை. என் அப்பா இறந்துபோய் நான் வேலைக்குத் திரும்பியபோது மாமி என்னை உட்கார வைத்து, அவருடைய கடைசி நாளைப் பற்றி எல்லாம் கேட்டார். காலையில் அப்பா அடுப்பில் எண்ணெய் வைத்தது, மாவைப் பிடித்த கையோடு சரிந்தது, எல்லாம். பொறுமையாகக் கேட்டார், என் தலையைத் தடவினார். கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் எனக்கு மறுபடியும் அப்பா நினைவு வந்தது. “மாமி, அப்பா அன்னைக்குக் காலையில...” என்று ஆரம்பித்தேன். “சொல்லிட்டியேடி, மதி. மறுபடியும் எதுக்கு உன்னை நோகடிச்சுக்கறே?” என்றார். அன்பாகத்தான் சொன்னார். நான் சரி மாமி என்று எழுந்து கீழே சாயாக்கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரச் சேட்டன் அப்பாவுக்குப் பழக்கம். அவரிடம் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். அடுத்த வாரமும் சொன்னேன். அந்த மனுஷன் ஒவ்வொரு தடவையும் பாலாற்றுகிற கையை நிறுத்திவிட்டு, “எண்ட தெய்வமே” என்று புதிதாகக் கேட்பவர் போல அதிர்ந்தார். மாமியைவிட அவர் பெரிய மனுஷர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அன்று அவர்தான் வேண்டியிருந்தது.

ராணி வந்தது அதற்கு அடுத்த வருஷம்.

ராணி என்பது அவரே வைத்துக்கொண்ட பெயர். இலங்கைப் போரில் தப்பி வந்து தமிழ்நாட்டில் ஒரு அகதி முகாமில் இருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பக்கத்தில் யாருக்கும் தெரியக்கூடாது என்றுதான் மாநிலம் விட்டு மாநிலம் வந்தார். முகாமிலிருந்து வெளியே தங்க வேண்டுமென்றால் அனுமதி வாங்க வேண்டும். திருவனந்தபுரம் கண் ஆஸ்பத்திரிக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். கண்ணில் உண்மையிலேயே புரையும் இருந்ததால் பொய் சொன்ன பாவமும் இல்லை.

“என்ன பேர் போடலாம்?” என்று கேட்டேன்.

“ராணி எண்டு போடுங்கோ பிள்ளை. காசா பணமா, ஒருக்கா ராணியா இருந்திட்டுப் போறன்” என்றார். டாக்டரம்மாகூடச் சிரித்துவிட்டார்.

பிறகு அவரே போய்த் தாழ்ப்பாளைப் போட்டார். மாமி ஃபேனை நிறுத்தினார். காலையில் தொடங்கி மத்தியானம் வரைக்கும் ராணி பேசினார். அவர் சொன்னதை நான் இங்கே எழுத மாட்டேன். அது எழுத வேண்டிய இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது என்று மட்டும் சொல்கிறேன். பேசி முடித்தபோது அவருடைய சட்டையும் என்னுடையதும் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தன.

மாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “மதி. இனிமே இதை உங்ககிட்ட யாரும் கேக்க மாட்டா. அதை நான் பாத்துக்கறேன்” என்றார்.

ராணி எழுந்து தாழ்ப்பாளில் கையை வைத்தவர் திரும்பிப் பார்த்தார். “அவ்வளவுதானோ அக்கா?”

“அவ்வளவுதான்” என்றார் மாமி. அதைவிடப் பெரிய பரிசு கொடுக்க முடியாது என்கிற முகத்தோடு சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சாயங்காலம் நான் ராணியைச் சங்குமுகத்துக்குக் கூட்டிப்போய்க் கடலைக் காட்டினேன். சுண்டல் வாங்கித் தந்தேன். “எங்கட பக்கத்துக் கடல்ல சூரியன் வாறது. இஞ்ச உள்ளுக்குப் போகுது” என்றார். தங்கச்சியும் தானும் சின்ன வயதில் விடியக்காலையில் அதைப் பார்க்க ஓடுவதுண்டு என்றார். தங்கச்சி இப்போது எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்பதுதானே எங்கள் அலுவலகத்தின் பாடம்.

சில வருஷம் கழித்து அந்தப் போரில் நடந்தவற்றை விசாரிக்க ஒரு வெளிநாட்டுக் குழு புறப்பட்டது. யார் பொறுப்பு என்று பெயரோடு எழுதப்போகிற குழு. அவர்கள் தமிழ்நாட்டுக்கும் வந்தார்கள், இங்கேயும் வந்தார்கள். கோவளம் பக்கம் ஒரு ஹோட்டலில் சந்திப்பு. எங்களிடம் இருந்த வாக்குமூலங்களில் ராணியுடையதை அவர்கள் எடுத்து வைத்திருந்தார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி வேறு சாட்சி கிடைக்கவில்லையாம். ஆனால் தாள் போதாது, ஆளை நேரில் கேட்டால்தான் கணக்கில் சேர்ப்போம் என்றார்கள்.

மாமி மறுத்துவிட்டார். அன்று அவர் பேசிய பேச்சு இருக்கிறதே! எல்லாருக்கும் ஒரு பெண் திரும்பத் திரும்பத் தன் காயத்தைப் பிரித்துக் காட்ட வேண்டும், அப்போதுதான் உங்களுக்கு நம்பிக்கை வரும் என்றால் அது விசாரணையா, வேடிக்கையா என்று கேட்டார். டாக்டர் பார்த்திருக்கிறார், வக்கீல் கேட்டிருக்கிறார், ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருக்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்றார். குழுவில் இருந்த வயதான அம்மாள், “அவரிடமே ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாமே” என்று மெதுவாகச் சொன்னார். “அந்த ஒரு வார்த்தையும் அவளுக்குத் தூக்கம் போகிற விஷயம்” என்று மாமி எழுந்துவிட்டார். எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. திரும்பும் வழியில் அவர் காரை நிறுத்தச் சொல்லி எல்லாருக்கும் இளநீர் வாங்கிக் கொடுத்தார்.

குழுவின் அறிக்கை வந்தபோது அந்தப் பள்ளிக்கூடம் அதில் இல்லை. நேரடிச் சாட்சியம் கிடைக்கவில்லை என்று ஒரு வரி. மாமி அதை எதிர்த்து ஒரு கட்டுரை எழுதினார். அதுவும் பெயர் வாங்கியது.

ஜூனில் இடவப்பாதி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் ராணி வந்தார். சொல்லாமல் வந்தார். கண் ஆபரேஷன் ஆகியிருந்தது, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு, நான் நீட்டிய துண்டை வாங்கிக்கொள்ளாமல் நேரே மாமியின் மேஜைக்குப் போனார்.

“அக்கா, விசாரிக்கிற ஆக்கள் வந்தவையாம். எங்கட முகாமில ஒருத்தி வேற ஆக்களோட போய்ச் சொல்லிப்போட்டு வந்தவ. வந்து நல்லா நித்திரை கொண்டவ. என்னை ஏன் கூப்பிடேல்லை?”

மாமி அவரை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

“உங்களைத்தான் கேட்டா. நான்தான் வேண்டாம்னுட்டேன். மறுபடியும் உங்களைப் படுத்த வேண்டாம்னு...”

“என்னட்டக் கேட்டனீங்களோ?”

எதிரே இருப்பவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காத மாமி கீழே மேஜையைப் பார்த்தார். 

“அண்டைக்கு நான் சொன்னது எனக்கு நடந்ததை மட்டும்தான் அக்கா. தங்கச்சியும் அந்தப் பள்ளிக்கூடத்திலதான் இருந்தவள். பக்கத்து வகுப்பில. அவளைப் பற்றி முதல் நாளே வாய் திறக்க என்னால ஏலேல்லை. அடுத்த முறை கேக்கேக்க சொல்லுவம் எண்டு இருந்தனான். நீங்கள் மதி எண்டு சொல்லிப்போட்டியள். அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டு நான் வெளியில வந்திட்டன். அவள் வரேல்லை. அவளின்ர பேர் உலகத்தில ஒரு தாளிலயும் இல்லை.”

அவர் அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. மாமி மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சுவர்ப் பக்கம் போய் ஃபேனை நிறுத்தினார். மழையின் இரைச்சல் மட்டும் தகரத்தில் கேட்டது.

“சொல்லுங்கோ” என்றார்.

“இனி ஆருக்குச் சொல்லுறது? அவை போயிட்டினம்.”

“எனக்குத்தான். வேற ஒண்ணும் என் கையில இல்லை.”

 ராணி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுப் போய்த் தாழ்ப்பாளைப் போட்டார். நான் வழக்கப்படி கணினியைத் திறந்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

“எழுதாதேங்கோ பிள்ளை. எழுதி முடிச்சா இவ திரும்பவும் மதி எண்டுவா.”

யாரும் மாமியை அடித்து நான் பார்த்ததில்லை. அடித்தால் அவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு கண்ணைக் காட்டுகிற சாக்கில் ராணி அவ்வப்போது வந்தார். வரும்போதெல்லாம் தங்கச்சியைப் பற்றிப் பேசுவார். சொன்னதையே சொல்வார். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று கூடும். தங்கச்சிக்குப் பல்லி என்றால் பயம், தலையைப் பின்னவே விடமாட்டாள், கணக்கில் கெட்டிக்காரி. சட்டத்துக்கு ஒன்றுக்கும் உதவாத விஷயங்கள். மாமி வியர்வையோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். ‘கேட்டாச்சு’ என்று கை உயர்த்துகிற அந்தப் பழக்கம் வீட்டிலும் நின்றுபோனது. மூட்டுவலி மாமாவுக்கு இப்போது காப்பி வந்து, ஆறி, இரண்டாவது காப்பியும் வருகிறது என்று தம்பி மனைவி சொன்னாள்.

கடைசியில் ராணியே, “சரி, இப்ப எழுதுங்கோ” என்றார். தங்கச்சியின் உண்மையான பெயரைப் போடச் சொன்னார். எங்கள் அலுவலகத்தில் நான் தட்டிய ஒரே உண்மைப் பெயர் அது. மாமி அதைக் குழுவுக்கு அனுப்பினார். குழுவின் காலம் முடிந்து கலைக்கப்பட்டுவிட்டது, வருந்துகிறோம் என்று பதில் வந்தது. வேறு இடங்களுக்கும் அனுப்பினார். அங்கெல்லாம் வருந்தக்கூட இல்லை.

தன் நெறிமுறையைத் திருத்த வேண்டும் என்று மாமி கிளம்பினார். அது தன் பிள்ளையைத் தானே போலீஸில் பிடித்துக் கொடுப்பது மாதிரி. ஆனால் பிள்ளை வளர்ந்து கைமீறிப் போயிருந்தது. நல்ல நெறிமுறை, நன்றாக வேலை செய்கிறது, ஏன் மாற்ற வேண்டும் என்று எல்லாரும் மரியாதையாக எழுதினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பயிற்சி வகுப்பு. கலவரப் பகுதிகளுக்கு அனுப்பப்படும் அதிகாரிகளுக்காக நகரத்தில் ஒரு ஹாலில் ஏற்பாடு செய்திருந்தார்கள். மாமியைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள், நானும் கூடப் போனேன். அவர் பேசும் முன்னால் ஒரு இளம் பெண் அதிகாரி எழுந்தாள். பார்த்தாலே பிடித்துப்போகும், உண்மையான அக்கறை உள்ள பெண். “மேடம், உங்க புத்தகத்தைப் படிச்சுதான் நாங்க வேலை செய்யறோம். ஒருமுறைக்கு மேல கேக்கறதே இல்லை. சில பேர் மறுபடி தேடி வருவாங்க, இன்னும் சொல்லணும்னு. உங்க நல்லதுக்குத்தான்னு எடுத்துச் சொல்லி, அன்பா திருப்பி அனுப்பிடுவோம்” என்றாள்.

ஹாலில் கை தட்டினார்கள்.

மாமி மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். “திரும்பிப் போனவா எத்தனை பேர்?” என்றார். அந்தப் பெண்ணுக்குக் கேள்வி புரியவில்லை. “எழுதி வைக்கலையே மேடம்” என்றாள். மாமி, “ஆமா. எங்கேர்ந்து எழுதுவா” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தயாரித்து வைத்திருந்த பேச்சை அவர் பேசவில்லை. ராணியின் கதையை, பெயரும் ஊரும் சொல்லாமல், தான் செய்த தப்போடு சேர்த்துச் சொன்னார். சிலர் குறித்துக்கொண்டார்கள், சிலர் சாப்பாட்டு நேரம் ஆயிற்றா என்று பார்த்தார்கள். ஆட்டோவில் திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். தம்பானூர் தாண்டியதும், “உங்கப்பா அன்னிக்குக் கார்த்தால என்னடி பண்ணிண்டிருந்தார்? சொல்ல வந்தியே” என்றார். நான் சொன்னேன். கரமனை ஆற்றுப் பாலத்தில் ஏற வேண்டாம், வலியசாலையிலேயே திரும்பு என்று ஆட்டோக்காரரிடம் சொல்வதற்குக்கூட மறந்துபோகிற அளவுக்கு அவர் கேட்டார்.

அடுத்த வருஷம் மாமிக்குப் பக்கவாதம் வந்து வலதுபக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. வாய் நிறைய வார்த்தை வைத்திருந்தவருக்கு நாலைந்து வார்த்தைதான் மிஞ்சியது. நான் ராணிக்குப் போன் செய்தேன். அவர் மறுபடியும் கண் ஆஸ்பத்திரி என்று எழுதிக்கொடுத்துவிட்டு பஸ் ஏறி வந்தார்.

அக்ரஹாரத்து வீட்டில் முன்னறையில் கட்டில் போட்டிருந்தார்கள். ராணியைப் பார்த்ததும் மாமியின் கண் மேலே போயிற்று. சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தார், ராணியைப் பார்த்தார், மறுபடி ஃபேனைப் பார்த்தார். தம்பி மனைவி, “புழுக்கமாருக்காக்கும்” என்று சொல்லி வேகத்தைக் கூட்டி வைத்துவிட்டுக் காப்பி போடப் போனாள். மாமியின் இடது கை போர்வையைப் பிராண்டியது.

ராணி எழுந்து போய் ஃபேனை நிறுத்தினார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, மாமியின் அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“சொல்லுங்கோ அக்கா.”

மாமியின் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. “உங்க... கிட்ட...” என்றார். மூச்சு வாங்கியது. “உங்ககிட்ட... கேட்டிருக்கணும்.”

“ஓம் அக்கா.”

“கேட்டிருக்கணும்.”

“ஓம்.”

கொஞ்சம் நிறுத்திவிட்டு மாமி மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். அதே இரண்டு வார்த்தை. ராணி அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், அப்போதுதான் கேட்பவர் போல ஒவ்வொரு தடவையும் ஓம் என்றார். வெளியிலிருந்து தம்பி மனைவி காப்பியோடு கதவைத் தட்டினாள். நான் கதவைத் திறக்கவில்லை. மூன்று பேருக்கும் வியர்த்துக் கொட்டியது. மத்தியானம் வரைக்கும் மாமி அதையே சொல்லிக்கொண்டிருந்தார். ராணி ஒரு தடவைகூட மதி என்று சொல்லவில்லை.